ஐந்து கோட்டிங் சிவப்பு

அப்பா காலையில் எழுந்ததும் யார் முகத்தையும் பார்க்க மாட்டார். சுவரைத்தான் பார்ப்பார்.

எங்கள் முன்னறையில் ஜன்னலுக்கு நேர் எதிரே இருக்கும் சுவர் அது. சாயங்காலம் வேலை முடிந்து வந்தவுடன், கை கழுவுவதற்கு முன்னால், அன்றைக்கு அடித்த பெயின்ட்டில் ஒரு தீற்றல் அந்தச் சுவரில் போடுவார். கட்டைவிரல் அகலம், ஒரு சாண் நீளம். விடிந்ததும் கண்ணைக் கசக்கிக்கொண்டு அதன் முன்னால் போய் நிற்பார். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் இன்னொரு நிறம் என்பதால் அந்தப் பார்வை. திருப்தியாக இருந்தால் மூக்கால் ஒரு சத்தம் போட்டுவிட்டுப் பல் விளக்கப் போவார். இல்லையென்றால் அன்றைக்கு முழுக்க யாரோடும் பேச்சு கிடையாது. அவருடைய அப்பா செத்த மறுநாள் காலையிலும் போய் நின்று பார்த்தார் என்று அம்மா சொல்வாள்.

"ஏம்பா, வேலை செய்யற வீட்டுலயே அடிச்சுப் பார்க்கக் கூடாதா?" என்று சின்ன வயதில் ஒருமுறை கேட்டேன்.

"ஊரான் வீட்டுச் சுவத்தைப் பாழாக்கச் சொல்றியா?" என்றார்.

அந்தச் சுவர் அம்மாவுக்கும் வேண்டியிருந்தது. அம்மா தையல்காரி. பள்ளிச் சீருடை, கால்சட்டைக்கு ஜிப் மாற்றுவது, துணிக்கடைகள் மொத்தமாகக் கொடுக்கும் ஓரம் மடிக்கிற வேலை என்று வீட்டிலேயே தைத்தாள். எங்கள் ஜன்னல் சின்னது, தலைக்கு மேல் உயரத்தில் இருப்பது. அதற்கு அடியில் நின்றால் வெளிச்சம் நம் தலைக்கு மேலாகப் போய்விடும். போய் எதிர்ச் சுவரில் விழுந்து, அங்கிருந்துதான் அறைக்குள் திரும்பும். அதனால் அம்மாவின் மெஷின் எதிர்ச் சுவரை ஒட்டிக் கிடந்தது. சுவர் வெளுப்பாக இருந்தால் அவளுக்கு வெளிச்சம் உண்டு. அப்பா தீற்றித் தீற்றி, நான் கல்லூரிக்குப் போகும் காலத்தில் அந்தச் சுவர் சொறி பிடித்த மாடு மாதிரி ஆகிவிட்டது.

"உங்கப்பா துப்பி வெச்ச சுவரு," என்பாள் அம்மா. அவரிடம் நேராகக் கேட்கும்போது குரல் மாறும். "அந்த ஒரு சுவத்தை மட்டும் வெள்ளை அடிச்சுக் குடுங்களேன். ஊசியில நூல் கோக்க அரை நாள் ஆகுது."

"அடுத்த மாசம்."

பதினோரு வருடம் அந்த அடுத்த மாசம் வரவில்லை.

அப்பாவைப் பெயின்ட் கடையில் 'சிவப்பு மேஸ்திரி' என்பார்கள். வெள்ளையும் சந்தன நிறமும் அடிக்கத் தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள். வீட்டுக்குள்ளே அடர்ந்த சிவப்பு வேண்டும் என்று யாராவது கேட்டால் கடைக்காரர் அப்பாவுக்குத்தான் போன் போடுவார். சிவப்பு மற்ற நிறங்களைப் போல இல்லை. அதில் வெள்ளை கலக்காததால் அது சுவரை மூடாது. முதல் கோட்டிங் அடித்து முடித்ததும் அறை கசாப்புக் கடையைக் கழுவிவிட்டது போல இருக்கும். வீட்டுக்காரர்கள் அலறுவார்கள். அப்பா பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "கல்யாணப் பொண்ணு மேக்கப் போடறப்போ பாதியில எட்டிப் பார்த்தா இப்படித்தான் இருக்கும், கதவைச் சாத்திட்டுப் போங்க," என்பார். அடியில் சாம்பல் நிற பிரைமர் கொடுத்துவிட்டு, அதன் மேல் ஐந்து கோட்டிங். எல்லா டின்னையும் ஒரே பெரிய வாளியில் ஊற்றிக் கலந்துவிட்டுத்தான் தொடங்குவார், டின்னுக்கு டின் சிவப்பு மாறும் என்பதால். ஒரு சுவரைத் தொடங்கினால் மூலைக்கு மூலை முடிக்காமல் ரோலரைக் கீழே வைக்க மாட்டார். நடுவில் நிறுத்தினால் நிறுத்திய இடம் தழும்பாகத் தெரியும். பிறகு தொட்டுச் சரிசெய்யவே முடியாது.

ஐந்தாவது கோட்டிங் காய்ந்ததும் அறையில் மஞ்சள் பல்பைப் போடச் சொல்வார். சுவர் அப்போது உள்ளிருந்து எரிவது போல இருக்கும். வீட்டுக்கார அம்மாக்கள் வாயில் கை வைத்துக்கொள்வார்கள். அந்த நேரத்து அப்பாவை எனக்குப் பிடிக்கும். அவர்களிடம் அவர் பேசும் தமிழே வேறு. "வாங்க", "உட்காருங்க", "உங்க இஷ்டம்தான் தாயி" என்று தேன் ஒழுகும். அந்தத் தேனில் ஒரு சொட்டு வீட்டுக்கு வந்ததில்லை.

கூட வேலை செய்கிறவர்களுக்கு அவர் பட்டப் பெயர் வைப்பார். ஒல்லியாக, நெட்டையாக ஒருவர் ஒன்பது வருடம் அவரிடம் இருந்தார். அவருக்கு 'ஒட்டடை' என்று பெயர். "ஒட்டடைக்கு எதுக்கு ஏணி, நிமிர்ந்து நின்னா சீலிங் சுத்தமாயிடும்," என்று எல்லோர் முன்னாலும் சொல்வார். ஒன்பது வருடத்தில் ஒருநாள்கூட அவர் கையில் சிவப்பு ரோலரைக் கொடுக்கவில்லை. கடைசியில் ஒட்டடை தனியாகப் போய்விட்டார். நான் பட்டம் வாங்கியதும் எனக்கும் ஒரு பெயர் வந்தது. பட்டதாரியம்மா. "பட்டதாரியம்மா, ஐயாவுக்குத் தண்ணி கொண்டு வர உங்க காலேஜ்ல சொல்லிக் குடுத்தாங்களா?" எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அவருக்கு அது பெருமையா, எரிச்சலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒருநாள் அவர் கண்ணாடியை மறந்துவிட்டுப் போனதால் வேலை நடக்கிற வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். பல் டாக்டர் ஒருவரின் வீடு. சாப்பாட்டு அறைக்குச் சிவப்பு முடிந்திருந்தது. அந்த டாக்டரம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"மேஸ்திரி, பின்னால ஒரு சின்ன ரூம் இருக்கில்ல, அதுக்கும் இதே சிவப்பு அடிச்சிடுங்க. என் அக்கா தையல் மெஷின் போடப் போறாங்க."

"தையல் ரூமா? அங்க வேண்டாம் டாக்டரம்மா."

"ஏன், நல்லாத்தானே இருக்கு?"

"சாப்பிடற ரூமுக்கு நல்லா இருக்கும். ஒரு மணி நேரம் உட்காருவோம், எழுந்து போவோம். தைக்கற இடத்துல சிவப்பு அடிச்சா துணியோட நிறமே மாறித் தெரியும். வெள்ளை ரோஸாத் தெரியும், ரோஸ் வெள்ளையாத் தெரியும். கண்ணும் கெட்டுப்போகும். உங்க அக்கா பாவம். அதுக்கு வெள்ளைதான் சரி."

கூலி வருகிற வேலையை அவர் வேண்டாம் என்கிறாரே என்று ஆச்சரியமாக இருந்தது. கண்ணாடியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அந்தப் பேச்சைக் கேட்டேன் என்பது மட்டும் இங்கே முக்கியம்.

எனக்கு ஒரு அலுவலகத்தில் தட்டச்சு வேலை கிடைத்தது. அம்மாவுக்கு என்ன வாங்கித் தரலாம் என்று யோசித்தபோது சுவர்தான் நினைவுக்கு வந்தது. அப்பாவிடம் கேட்டேன்.

"பட்டதாரியம்மா உத்தரவு போட்டாச்சு. அடுத்த மாசம் அமல்படுத்திடலாம்," என்றார்.

அந்த வாரம் அவர் வெளியூர் வேலைக்கு நாலு நாள் போனார். நான் ஒட்டடையை வரச் சொன்னேன். அவர் வாசலிலேயே நின்றார்.

"வேண்டாம் பாப்பா. மேஸ்திரிக்குத் தெரிஞ்சா என்னைப் பெயின்ட் வாளியில முக்கி எடுத்துடுவாரு."

"அவர்தாண்ணே உங்களைக் கூப்பிடச் சொன்னாரு. அவருக்கு நேரமில்லையாம்."

பொய். ஒட்டடை நம்பினார். நம்பியதும் அவர் முகத்தில் வந்த மலர்ச்சியைப் பார்த்து எனக்கு அப்போதே கொஞ்சம் வலித்தது. ஒன்பது வருடமாகத் திட்டிய மனுஷர் தன்னைத் தன் வீட்டுக்கே அழைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார். இரண்டு நாள் அந்த ஒரு சுவரைத் தேய்த்தார். சிவப்புத் தீற்றல்கள் வெள்ளையில் ஊறி வெளியே வராமல் இருக்க, ஒவ்வொன்றையும் தனியாகப் பூசி அடைத்தார். பிறகு வெள்ளை அடித்தார்.

மூன்றாம் நாள் அம்மா மெஷினை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முதல் தடவையிலேயே நூல் ஊசிக்குள் போனது. அவள் அதை உருவி எடுத்துவிட்டு மறுபடியும் கோத்தாள். மறுபடியும் போனது. "பாரேன்டி," என்றாள். சின்னப் பிள்ளை மாதிரி நாலைந்து முறை கோத்துக் கோத்து உருவினாள்.

அப்பா வந்தார். சுவரைப் பார்த்தார். சாயங்காலம் தீற்றவில்லை. மறுநாள் காலையில் எழுந்து வழக்கம் போல அங்கே போய் நின்றார், பார்க்க ஒன்றும் இல்லாத சுவரின் முன்னால். அம்மா டீயை நீட்டினாள். வாங்கிக் குடித்தார். நான் தப்பித்தோம் என்று நினைத்தேன்.

ஒட்டடை சந்தோஷத்தில் பெயின்ட் கடையில் போய்ச் சொல்லிவிட்டார், மேஸ்திரியே என்னைக் கூப்பிட்டார் என்று. அடுத்த நாள் அப்பா கடைக்குப் போனபோது அங்கே ஏழெட்டுப் பேர் இருந்தார்களாம்.

"என்ன மேஸ்திரி, உங்க வீட்டுக்கு வெளியாள் வந்து அடிச்சுட்டுப் போறானாமே?" என்று கடைக்காரர் கேட்டிருக்கிறார்.

"டாக்டர் பொண்டாட்டி ஊசி போட்டுக்க அடுத்த தெருவுக்குப் போன கதையால்ல இருக்கு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"அதுவும் யாரு? ஒட்டடை!"

கடை சிரித்தது. அப்பாவும் சிரித்தாராம். இதை ஒட்டடைதான் பிறகு எனக்குச் சொன்னார். "அவரு சிரிச்சதைப் பார்த்துத்தான் பாப்பா நான் கடையை விட்டு நழுவிட்டேன்."

பத்து நாள் கழித்து அப்பா அம்மாவிடம், "உன் தங்கச்சியைப் பார்த்து எத்தனை நாளாச்சு? போய் ஒரு வாரம் இருந்துட்டு வா. வரும்போது உனக்கு ஒண்ணு வெச்சிருக்கேன்," என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். இருபத்தாறு வருடத்தில் அவர் அப்படி ஒரு வார்த்தை பேசியதில்லை. பையில் வைத்த துணியை எடுத்து எடுத்துத் திரும்ப மடித்து வைத்தாள். "என்னவா இருக்கும்டி?" என்று பேருந்து நிறுத்தம் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தாள்.

அவர் அந்த வாரம் வேறு வேலைக்குப் போகவில்லை. நாலு சுவரையும் தேய்த்தார். பட்டி பார்த்தார். உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்துச் சுவரைக் கண்ணாடி மாதிரி ஆக்கினார். சாம்பல் பிரைமர் கொடுத்தார். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். சாம்பல் பிரைமர் எந்த நிறத்துக்கு அடியில் போகும் என்று எனக்குத் தெரியாததா? சீலிங் ஓரத்தில் டேப் ஒட்டுவதற்கு நான்தான் மறுமுனையைப் பிடித்தேன். பல் டாக்டர் வீட்டில் கேட்டது எனக்கு நினைவு வரவில்லை என்றுதான் இத்தனை நாள் எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். வந்திருக்கலாம். வந்தும் நான் பேசாமல் இருந்திருக்கலாம்.

ஏனென்றால் ஐந்தாவது கோட்டிங் காய்ந்து அவர் மஞ்சள் பல்பைப் போட்டபோது எனக்கு மூச்சு நின்றுவிட்டது. அது எங்கள் வீடாகவே இல்லை. உடைந்த நாற்காலிகூட அந்தச் சிவப்பின் முன்னால் யாரோ வேண்டுமென்றே தேர்ந்தெடுத்துப் போட்டது போல இருந்தது. கல்லூரியில் மூன்று வருடம் ஒரு தோழியைக்கூட நான் வீட்டுக்கு அழைத்து வந்ததில்லை. அன்றைக்குப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன். 'எங்க வீடு' என்று எழுதினேன்.

"எப்படி இருக்கு பட்டதாரியம்மா?"

"ரொம்ப அழகா இருக்குப்பா," என்றேன். மனசார.

அவர் மூக்கால் சத்தம் போட்டார்.

அம்மா வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள். பையைக் கீழே வைக்கவில்லை.

"ஒரு சுவருதான் கேட்ட. நாலு சுவரு தந்திருக்கேன்," என்றார் அப்பா.

"நான் வெள்ளை கேட்டேன்."

"வெள்ளையை எவன் வேணா அடிப்பான். கண்ட ஒட்டடையும் அடிப்பான். இது ஊர்ல நான் ஒருத்தன்தான். இதுக்குப் பெரிய வீட்டுப் பொம்பளைங்க வரிசையில நிக்கறாங்க. உனக்குச் சும்மா வந்திருக்கு."

அம்மா உள்ளே வந்து, மெஷினின் மேல் போட்டிருந்த பழைய போர்வையை எடுத்து மடித்தாள். அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் தோழிகள் மூன்று பேர் வந்தார்கள். அவர்கள் வருவதற்கு முன்னால், "அம்மா, இந்த மெஷினைக் கொஞ்சம் உள்ளே தள்ளிக்கறியா, சுவரை மறைக்குது," என்று சொன்னேன். அவள் தள்ளிக்கொண்டு போனாள். அதன் சக்கரம் தரையில் எழுப்பிய கிறீச் சத்தம் வரை எனக்கு நினைவிருக்கிறது.

ஒரு மாதம் போனது. துணிக்கடைக்காரர் இருபத்திரண்டு நர்ஸ் சீருடைகளை ஓரம் மடிக்கக் கொடுத்தார். எல்லாம் வெள்ளை. அவசரம் என்றார். அம்மா மூன்று நாள் முன்னறையில் மெஷினில் குனிந்தே இருந்தாள். கொண்டுபோய்க் கொடுத்த அன்றே அவர் மூட்டையோடு எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார்.

"ஏம்மா, கண்ணு போச்சா உங்களுக்கு? வெள்ளைத் துணிக்கு ரோஸ் நூலாப் போட்டு வெச்சிருக்கீங்க? நர்ஸுங்க இதைப் போட்டுக்கிட்டு டான்ஸ் ஆடப் போறாங்களா?"

வெளியே தெருவில் விரித்துக் காட்டினார். இருபத்திரண்டிலும் ஓரம் முழுக்க இளம் ரோஸ் நூல். அதற்கு முன்னால் ஒரு குழந்தைக் கவுனுக்கு வாங்கிய நூல்கண்டு அது. அம்மா அந்தத் தையலை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். "வெள்ளைன்னுதானே எடுத்தேன்," என்றாள். அவரிடம் இல்லை, தன் கையிடம் சொல்வது போல.

இருபத்திரண்டையும் பிரித்துத் திரும்பத் தைத்துக் கொடுத்தாள். அந்தக் கடை அதற்குப் பிறகு வேலை கொடுக்கவில்லை. ஒருவர் சொன்னது நாலு பேருக்குப் பரவியது. தையல்காரிக்குக் கண் போய்விட்டது என்று.

அம்மாவே அதை நம்பி ஒரு மாதம் அழுதாள். கண் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் எழுத்து படிக்கச் சொன்னார், வண்ணப் புள்ளிப் புத்தகம் காட்டினார். "வயசுக்கு நல்லாவே இருக்கும்மா," என்றார். அம்மா நம்பவில்லை. "வயசான காலத்துல எங்கிட்ட நேராச் சொல்ல அந்த டாக்டருக்கு மனசு வரலை," என்றாள் திரும்பும் வழியில். வீட்டில் அப்பா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"என்னவாம்?"

"ஒண்ணுமில்லைங்கறாரு."

"வயசாகுதுல்ல," என்றார் அப்பா. "எத்தனை நாளைக்குத்தான் தைப்ப. விடு."

அந்த 'விடு' என்ற சொல்லில் இருந்த நிம்மதிதான் என்னை உசுப்பியது. ரோஸ் நூல்கண்டையும் வெள்ளை நூல்கண்டையும் எடுத்துக்கொண்டு போய்ச் சுவரோரம் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்று. தெருவுக்கு எடுத்து வந்தேன். வேறு வேறு. உள்ளே போனேன், ஒன்று. பல் டாக்டரம்மாவின் அக்கா நினைவுக்கு வந்தார், நான் பார்த்தேயிராத அந்த அக்கா.

"உங்களுக்குத் தெரியும்," என்றேன் அப்பாவிடம்.

"என்ன தெரியும்?"

"தைக்கற ரூமுக்குச் சிவப்பு ஆகாதுன்னு. நான் அங்கதான் நின்னேன். கண்ணாடி குடுக்க வந்தேன்ல? யாரோ ஒருத்தரோட அக்காவுக்கு அவ்வளவு பாவம் பார்த்தீங்களே."

அம்மா கையில் இருந்த துணியைக் கீழே வைத்தாள். அவளுக்கு அது அந்த நிமிடம்தான் தெரிந்தது. நான் அவரைத் தனியே கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். அவள் காதில் விழ வேண்டும் என்றுதான் சத்தமாகக் கேட்டேன் என்று நினைக்கிறேன்.

அப்பா கொஞ்ச நேரம் காலாட்டிக்கொண்டிருந்தார்.

"அவனையே கூப்பிடு," என்றார். "வெள்ளை அடிக்க ஆள் பிடிச்சியே, அந்த ஒட்டடையைக் கூப்பிடு. ஐஞ்சு கோட்டிங் மேல அவன் வெள்ளை ஏறுதான்னு நானும் பார்க்கறேன்."

அம்மா, "கண்ணு போச்சுன்னு ஒரு மாசம் அழுதேனே. பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?" என்று கேட்டாள்.

அம்மா மெஷினை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். எங்கள் தெரு ஒரு வண்டி போகிற அகலம். படியில் ஒரு காலும் தெருவில் ஒரு காலுமாக உட்கார்ந்து தைத்தாள். போகிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள். மழை வந்தால் உள்ளே இழுப்பாள். வேலையும் அப்போது பெரிதாக இல்லை, பழைய துணி கிழிசல் தைப்பதுதான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அப்பா வந்தபோது அவர் பிரஷ்ஷில் வெள்ளை இருந்தது. அன்றைக்கு அவருக்கு வெள்ளை வேலையா, வேறெதற்காவது கொண்டு வந்தாரா, தெரியாது. கை கழுவுவதற்கு முன்னால் எதிர்ச் சுவரில், மெஷின் இருந்த இடத்துக்கு மேலே, ஒரு தீற்றல் போட்டார். கட்டைவிரல் அகலம், ஒரு சாண் நீளம். காலையில் எழுந்து போய்ப் பார்த்தார். வெள்ளை காய்ந்து, அடியிலிருந்து சிவப்பு ஊறி, ஈறு நிறத்தில் இருந்தது. வெகுநேரம் நின்றார். ஏதாவது சொல்வார் என்று நான் டம்ளரோடு நின்றேன். போய்ப் பல் விளக்கினார்.

அன்றைக்கு மத்தியானம் ஒரு வீட்டு மாடிப்படிச் சுவரில் வேலை செய்தபோது ஏணி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தபோது, எங்கே படுக்க வைப்பது என்ற கேள்வியே எழவில்லை. கட்டில் போட இடம் இருப்பது முன்னறையில்தான். ஜன்னலடியில் போட்டோம். எதிர்ச் சுவரைப் பார்த்தபடி.

முதல் வாரம் வலியில் போனது. இரண்டாம் வாரம் அவர் சுவரைப் பார்க்கத் தொடங்கினார். அதுவரை எந்தச் சிவப்பு அறையிலும் அவர் பகல் முழுக்கச் சும்மா உட்கார்ந்ததில்லை. அடித்து முடித்ததும் அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறவர்.

"கண்ணை மூடினாலும் செவப்பாவே இருக்குடி," என்றார் அம்மாவிடம்.

"நல்லா அடிச்சிருக்கீங்க. தழும்பே இல்லை. பாருங்க."

"கட்டிலைத் திருப்பிப் போடேன்."

"எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே சுவருதான். நான் ஒண்ணுதானே கேட்டேன், நீங்கதானே நாலு தந்தீங்க."

மூன்றாம் வாரம் அம்மா என்னிடம் ஒரு டியூப் லைட் வாங்கி வரச் சொன்னாள். மழைக்காலம், வெளியே உட்கார முடியவில்லை, உள்ளே தைக்க வெளிச்சம் வேண்டும் என்றாள். வெள்ளை டியூப் வெளிச்சத்தில் அடர்சிவப்பு செத்துப்போகும், ஈரல் மாதிரி ஆகிவிடும் என்று அப்பா எத்தனையோ வீடுகளில் எச்சரித்ததுண்டு. அம்மாவும் அதைக் கேட்டிருக்கிறாள். மஞ்சள் பல்பைக் கழற்றிவிட்டு, ஸ்டூலில் ஏறி டியூபை மாட்டியவள் நான். போட்டதும் அறை கருத்த ரத்தக்கட்டு நிறத்துக்கு மாறியது. அப்பா கட்டிலில் இருந்து, "பட்டதாரியம்மா, அதைக் கழட்டுடா," என்றார். அவர் என்னை 'டா' போட்டுக் கூப்பிட்டது அது ஒருமுறைதான். கெஞ்சும்போது அப்படித்தான் கூப்பிடுவார் போலிருக்கிறது. நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் தைத்துக்கொண்டிருந்தாள். நான் கழற்றவில்லை. அந்த வெளிச்சத்திலும் அவளால் நூலின் நிறத்தைப் பிரித்துப் பார்க்க முடியவில்லை என்பது எனக்கும் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது.

அவளை நான் குறை சொல்லவில்லை. வேளைக்குச் சாப்பாடு கொடுத்தாள். புரட்டிப் படுக்கவைத்தாள், உடம்பு துடைத்தாள், மலம் அள்ளினாள். எதிலும் ஒரு குறை வைக்கவில்லை. டியூபை மட்டும் காலை ஆறு மணிக்குப் போடுவாள்.

ஆறாம் வாரம் அவருக்கு நெஞ்சில் சளி கட்டியது. குரல் இறங்கிவிட்டது. அம்மா தலையைத் தூக்கித் தண்ணீர் கொடுத்தபோது அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"எழுந்ததும் வெள்ளை அடிச்சுத் தர்றேன்."

"எப்போ?"

அவர் யோசித்தார். வாய்க்குள் வந்ததை மாற்ற அவருக்கு நேரம் இருந்தது. ஆனாலும் பழக்கம்தான் ஜெயித்தது.

"அடுத்த மாசம்," என்றார்.

அம்மா சிரித்தாள். பல வருடம் கழித்து அவரைப் பார்த்துச் சிரித்தாள். "சரி," என்றாள். நாலு நாளில் அவர் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து இரண்டு வாரம் கழித்து ஒட்டடை வந்தார். பின்னால் ஒரு தள்ளுவண்டியில் பிரைமர் டின்களும் வெள்ளை டின்களும். அம்மா படியில் உட்கார்ந்து ஒரு பள்ளிப் பையின் வாரைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, மேஸ்திரிக்கு நான் ஒண்ணும் செஞ்சதில்லை. இதையாவது செய்யறேன். அடைப்பு பிரைமர் ரெண்டு கோட்டிங், மேல வெள்ளை மூணு. ஏறிடும். எனக்குக் காசு வேண்டாம்."

"வேண்டாம்ப்பா."

"ஏங்க்கா? எவ்வளவு நாள் இப்படித் தெருவுல உட்காருவீங்க? பாப்பா, நீ சொல்லேன்."

நான் சொன்னேன். "அம்மா, அடிக்கட்டுமே. அப்பாதான் இல்லையே இப்போ."

"அதுக்காக?" என்றாள் அம்மா. "அது அவர் எனக்குத் தர வேண்டியது. இவன் ஏன் தரணும்? இவன் தந்துட்டா அவர் தந்த மாதிரி ஆயிடும்ல?"

ஒட்டடை குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார். பகலிலும் அறை இருட்டாக இருந்தது. சிவப்பின் நடுவே அந்த ஒரு தீற்றல் மட்டும் வெளிறித் தெரிந்தது.

"அது யாரு அடிச்சது?"

"அவர்தான்."

"மேஸ்திரியா? சீல் பண்ணாமயா வெள்ளை வெச்சாரு? அவருக்குத் தெரியாததா?"

"அவ்வளவுதான் தந்தாரு," என்றாள் அம்மா. "மீதி அப்படியே இருக்கு."

ஒட்டடை அவள் முன்னாலேயே நின்றார். அவருடைய நெட்டை நிழல் துணியின் மேல் விழுந்து கிடந்தது. அம்மா நூலை நாக்கில் நனைத்து, ஊசியைத் தூக்கிப் பிடித்தாள். ஒருமுறை தவறியது. இன்னொரு முறையும் தவறியது.

"தள்ளி நில்லுப்பா," என்றாள். "வெளிச்சத்தை மறைக்கற."